பாட்டோடு வாழ்ந்த ஒருவரைப் பதிவு செய்து வைப்பது எப்படி

வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அதிர்ந்து பேசாதவர், பாட்டென்றால் உயிர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் நகராது. கோபக்காரராக இருந்திருந்தால் ஊரே கதை சொல்லும். இவரைப் பற்றிக் கேட்டால் “தங்கமான மனுசன்லா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் பெரியப்பாவின் தலைத் திவசத்துக்கு ஒரு சிறு புத்தகமும் ஒலித்தொகுப்பும் செய்தேன். அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். அவர் திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூர்க்காரர், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தமான மனிதரின் குணம் அவர் பேச்சில் அகப்படாது. அவர் பாட்டை எப்படிக் கேட்டார், யாருக்குக் கேட்கக் கொடுத்தார் என்று தேடினால் அகப்படும்.

அதனால் முதலில் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். பொருளைத் தேடுங்கள். பரண், டிரங்குப் பெட்டி, பீரோவின் அடித்தட்டு, பழைய டைரி, எல்லாவற்றையும் பாருங்கள். கேசட் உறைக்குள் மடித்து வைத்த காகிதங்களை உதறிப் பாருங்கள். அந்தக் காலத்தில் காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அப்படிக் கொடுத்த பட்டியல் அவர் கையெழுத்திலேயே கிடைக்கலாம். எந்தப் பாட்டை முதலில் எழுதினார், எதை அடித்துவிட்டு எதைச் சேர்த்தார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய புதையல் ஒரு நாற்பது பக்க நோட்டு. கேசட் இரவல் கொடுத்த கணக்கு. சங்கத்து லெட்ஜர் மாதிரியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்: தேதி, கேசட் எண், வாங்கியவர், திரும்பி வந்த தேதி. முதல் மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறது. நாலாவது கட்டம் பக்கம் பக்கமாகக் காலி. அதே ஆளுக்கு அடுத்த மாதமும் கொடுத்திருக்கிறார். அவர் யாரிடமும் கேசட்டைத் திருப்பிக் கேட்டதில்லை என்று பெரியம்மா பிறகு சொன்னார்கள். யார் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிற பட்டியலும் அந்த நோட்டிலிருந்தே கிடைத்துவிட்டது.

அடுத்தது கேசட்டுகள். இதில் நிதானம் வேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் ஈரப்பதம் அதிகம், நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கும். கேசட்டின் நடுவில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். பூத்திருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். அப்படியே போட்டால் பூஞ்சை டேப் ரெக்கார்டரின் ஹெட்டில் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் பகுதி) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். நல்ல கேசட்டிலும் முதல் வேலை, மேல் விளிம்பின் இரண்டு மூலையிலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவது. தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் ஓட்டுங்கள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த நாடா தளரும். 90 நிமிட கேசட்டின் நாடா 60 நிமிடத்ததைவிட மெலிசு. அதைக் கையால் பென்சில் விட்டுச் சுற்றித் தளர்த்துவது நல்லது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டி பஞ்சுத் துண்டு உள்ளே விழுந்திருந்தால் சத்தம் மங்கும். திருகாணி போட்ட கேசட் என்றால் கழற்றி ஒட்டிவிடலாம்.

டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் ஜாலராவும் ‘ஸ’ ஒலியும் பளிச்சென்று வரும், அங்கே நிறுத்துங்கள். இயர்போன் துளையிலிருந்து ஒயர் வழியாகக் கணினிக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிய வேண்டாம். மடிக்கணினியில் லைன்-இன் (வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் துளை) இல்லையென்றால் சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்பி பிடிக்கும், பரவாயில்லை. வாட்ஸப்பில் அனுப்ப எம்பி3 தனியாகச் செய்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். நாங்கள் முதலில் கொடுத்த கடையில் ‘கிளீன்’ பண்ணித் தருகிறோம் என்று சொல்லி, பின்னணியையே துடைத்துத் தந்துவிட்டார்கள். நல்லவேளை, கேசட் பத்திரமாகத் திரும்பி வந்தது. பெரியப்பா ரேடியோவுக்கு முன்னால் டேப்பை வைத்துப் பதிகிறவர். ஆகவே பாட்டோடு வீடும் பதிந்திருக்கிறது. ஒரு பதிவில் நாகசுர ஆலாபனைக்கு நடுவே அடுக்களையில் தோசைக்கல்லில் எண்ணெய் சொய்ங் என்கிறது, கதவு படாரென்று அடிக்கிறது. உடனே அவர் குரல், கிட்டத்தட்ட ரகசியமாக: “ஏட்டி, மெதுவா சாத்துட்டி, வாசிக்காவல்லா.” திட்டு வாங்கியது நான்தான். அவர் திட்டினால் அவ்வளவுதான் சத்தம். கடைக்காரர் துடைத்துத் தந்த பதிவில் இந்த வரி சுத்தமாக இல்லை.

சரி, இனி ஆட்களைப் பார்க்கலாம். போகும்போது போனில் இரண்டு மூன்று பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் தங்கமான மனுசன்தான் வரும். பாட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒரு தாத்தா பல்லவி முடியும்வரை தலையாட்டிவிட்டு, “அண்ணாச்சி பாட்டு முடியாம கிளாஸ கீழ வைக்க மாட்டாவ, டீ ஆறிக் கெடக்கும், நான் வேற ஊத்திக் குடுப்பேன், ரெண்டுக்கும் காசு வச்சிட்டுப் போவாவ” என்றார். எந்தக் கேள்வி கேட்டாலும் இது வந்திருக்காது.

கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருவார்? எந்தக் கையால் தாளம் போடுவார்? எதற்கு முகம் சுளிப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிடிக்காததைச் சொல்லாதவரைப் பற்றித்தான் அது அதிகம் சொல்லும். பெரியப்பாவுக்குக் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு என்றால் விடிய விடிய உட்காருவார், அதுவும் குடம் அடிக்கிறவர் பக்கமாய். ஆனால் ரேடியோ செட்டுக்காரர் ஒலிபெருக்கிக் குழாயை அலற விட்டால் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாய்க்கால் பாலம்வரை நடந்துவிட்டு வருவார்.

பேச்சைப் பதியும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள், போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், பேசுகிறவருக்கு ஒரு முழ தூரத்தில் துணி விரித்து அதன்மேல் போனை வையுங்கள். வயதானவர்களை முதலில் பாருங்கள். மற்றவர்களை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

வருஷத்தை நேரடியாகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். இந்திரா காந்தி இறந்ததற்கு (1984) முன்னாலா பின்னாலா? எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987) டேப் வாங்கியாச்சா? தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்த வருஷமா (1992)? டக்கென்று பதில் வரும். வந்ததைச் சரியும் பாருங்கள். உறவினர் ஒருவர், 1966-ல் பெரியப்பாவோடு காருகுறிச்சி அருணாசலம் கச்சேரிக்குப் போனதாக அடித்துச் சொன்னார். அந்த நாகசுர மேதை 1964-லேயே காலமாகிவிட்டார். போனது உண்மை, வருஷம்தான் இடறுகிறது என்று பேசப் பேசத் தெரிந்தது. அது அத்தை பிறப்பதற்கு முந்தின தை மாதம். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் ரேடியோ கேட்டார் என்றால் திருச்சியாகவோ இலங்கை வானொலியாகவோ இருக்கும். பழைய கடிதங்களில் எட்டயபுரம், கோவில்பட்டியெல்லாம் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். 1986-க்குப் பிறகுதான் அவை தூத்துக்குடி பக்கம் போயின.

அவர் போய்க் கேட்ட இடங்களுக்கு நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானார். பெரியப்பா சில தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு பஸ் ஏறி அங்கே போய்விடுவார். பலகாரத்தைப் பெரியம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களுக்கு எங்களை அழைத்துப்போனவரும் அவர்தான். போன இடத்தில் எடுத்த புகைப்படத்தோடு, அவர் அங்கே என்ன செய்வார் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

எழுதும்போது ‘அமரர்’, ‘பண்பின் சிகரம்’ வகையறாவை முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொன்னவர்களின் பேச்சை அவர்கள் சொன்னபடியே போடுங்கள். “மாட்டாவ” என்பதை “மாட்டார்” என்று திருத்திவிட்டால் டீக்கடைத் தாத்தா அதில் இருக்க மாட்டார். துயரமான விஷயம் ஏதாவது வெளிவந்தால், அது யாரைத் தொடுகிறதோ அவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். அத்தை கல்யாணச் செலவுக்காகப் பெரியப்பா தன் ஆர்மோனியத்தை விற்றது அத்தைக்கே தெரியாது. அந்தப் பக்கத்தை நான் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் கழித்து, “போடு, எல்லாருக்கும் தெரியட்டும்” என்றார்கள். அவர்கள் வேண்டாம் என்றிருந்தால் எடுத்திருப்பேன்.

நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 32 பக்கம் என்றால் தாராளம். பழைய புகைப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்க எழுத்தையும் சேர்த்து. ஒட்டும் ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டால் பிய்க்காமல் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தெடுங்கள். கடைசி அட்டையில் க்யூஆர் கோடு போட்டு ஒலிப்பதிவுகளுக்கு இணைப்புக் கொடுக்கலாம். ஆனால் இணைப்பு என்றைக்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம், நெருங்கியவர்களுக்குப் பென்டிரைவிலும் கொடுத்துவிடுங்கள்.

மூலக் கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்றாவது வெளியூரில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். உறையோடு நிறுத்திவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில், ஸ்பீக்கருக்குத் தள்ளி, உயரமான தட்டில் வையுங்கள். வருஷா வருஷம் திதி முடிந்து இலை எடுத்த பிறகு ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறக்காததை மற்ற பிரதியிலிருந்து அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.