மெர்சிங் கடல் அடங்கிவிட்டது, ஜெட் ஸ்கீயை எடுக்கலாமா?

தைப்பூசம் தாண்டியதும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் என் பட்டறைக்கு ஜெட் ஸ்கீகள் வர ஆரம்பித்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அப்போது மெர்சிங் கடலில் இறங்க முடியாது என்பதால், பலர் வண்டியை டிரெய்லரில் ஏற்றிவந்து இங்கே செம்பனைத் தோட்டத்து ஓரக் கொட்டகைகளில் போட்டுவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் எழுதியவை. இன்ஜினுக்குள் தண்ணீர் உறையுமே என்பது அவர்கள் கவலை. நமக்கு எதிரிகள் ஈரம், எலி, குளவி.

கவரை எடுத்ததும் ஸ்டார்ட் செய்துபார்க்கத்தான் கை துடிக்கும். வேண்டாம். முதலில் சீட்டைத் தூக்கிவைத்து நன்றாகக் காற்றாட விடுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் பேட்டரி ஒயரைக்கூடத் தொடாதீர்கள். அப்புறம் டார்ச் அடித்து ஒயர்களைப் பாருங்கள். செம்பனைப் பழம் தின்று கொழுத்த எலிக்கு மழைநாளில் ஒயர்தான் பொழுதுபோக்கு. பின்பக்கம் புகை வெளியேறும் வாயிலும் தண்ணீர் உறிஞ்சும் கிரில்லிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும். குச்சியால் உள்ளே தள்ளிவிடாமல் வெளியே இழுத்து எடுங்கள்.

பேட்டரியை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.4க்குக் கீழே என்றால் வெளியே எடுத்து மெதுவாக சார்ஜ் போடுங்கள். கழற்றும்போது கறுப்பு ஒயர் முதலில், மாட்டும்போது சிவப்பு முதலில். முனையில் பச்சை பூத்திருந்தால் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு கிரீஸ் தடவுங்கள்.

இன்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். மழைக்கு முன் மாற்றாத ஆயிலையும் ஃபில்டரையும் இப்போது மாற்றிவிடலாம். டாங்கில் நாலைந்து மாதமாகக் கிடக்கும் பெட்ரோல் புளித்த வாடை அடித்தால் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று பழையதோடு கலப்பவர்களை நான் திருத்த முடியாது.

இனி ஸ்டார்ட். பலர் வண்டியைக் கெடுப்பது இங்கேதான். தரையில் ஓட்டும்போது இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மாட்டியதும் பைப்பைத் திறக்கக் கூடாது. இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகுதான் தண்ணீர். முடிக்கும்போது தண்ணீரை முதலில் நிறுத்திவிட்டு, சில விநாடி கழித்து இன்ஜினை நிறுத்த வேண்டும். ஓடும் இன்ஜினின் புகைதான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது தண்ணீர் விட்டால், அது சைலன்சர் வழியாக ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அமுக்கினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். செலவைக் கேட்டால் புது வண்டியே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். தரையில் ஓட்டுவது ஓரிரு நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீல் சூடாகிவிடும். மழைக்கு முன் சிலிண்டரில் எண்ணெய் அடித்து வைத்திருந்தால் முதலில் வெள்ளைப் புகை கக்கும், சரி, விடுங்கள்.

இன்ஜினை நிறுத்தி, லேன்யார்டை, அதாவது கழற்றினால் இன்ஜின் ஓடாத பாதுகாப்புக் கயிற்றை, கழற்றிப் பையில் போட்டுக்கொண்ட பிறகே, தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறியான இம்பெல்லர் பக்கம் கை வையுங்கள். இதழ் ஓரம் நசுங்கியிருக்கிறதா, சுற்றியுள்ள வளையத்தில் ஆழமான கீறல் உண்டா என்று தடவிப்பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பினால் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் நாசில் இறுகாமல் திரும்ப வேண்டும்.

காஹாங் வழியாக மெர்சிங் வரை இழுத்துப் போகிற டிரெய்லரின் டயர் காற்றையும் சக்கர பேரிங்கையும் யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். கடலில் இறக்குவதற்கு முன் வண்டிக்குள் தேங்கும் தண்ணீரை வடிக்கப் பின்னால் வைத்திருக்கும் இரண்டு டிரெயின் பிளக்கும் இறுக்கமாக இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் பூஞ்சை பிடித்து நைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

முதல் ஓட்டம் கரையோரமாகப் பாதி வேகத்தில் போதும். திரும்பி வந்ததும் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தால் துடைத்துவிட்டு இன்னொரு சுற்று போகலாம். இரண்டாம் தடவை அதைவிடக் கூடியிருந்தால், அன்றைக்கு அவ்வளவுதான், டிரெய்லரில் ஏற்றிவிடுங்கள்.