எஃப்டியை உடைக்க வந்தவரைத் தடுக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஃபோனிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம், இது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலைப் பற்றி வங்கிக் கிளைகளில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமரே சொன்னார். ஆனாலும் எஃப்டியை (நிரந்தர வைப்பை) முடித்து, மொத்தத்தையும் பெரிய தொகைகளை உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பச் சொல்லி கவுண்டரில் நிற்கும் பெரியவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தடுக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு நிறையவே இருக்கிறது. என்ன சொல்லித் தடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். மோசடி நிதி நிறுவனத்தில் போடப் பணம் எடுக்க வந்தவர்களிடம் நாங்கள் அந்தக் காலத்தில் பேசிய அதே பேச்சைத்தான் இவர்களும் பேசுகிறார்கள். அது அன்றைக்கும் எடுபடவில்லை.

குரலை உயர்த்தக் கூடாது, கணக்கு விவரத்தை நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

‘உங்களை ஏமாத்துறாங்க’ என்று ஆரம்பிப்பது

இந்த ஒன்றைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளரை எழுந்து போக வைப்பது பல சமயம் இந்த வார்த்தைதான்.

எதிரில் நிற்பவர் பேராசைப்பட்டு வந்தவர் இல்லை. உங்கள் ஆதாரை வைத்து அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது, உங்கள் பெயரில் ஹவாலா கணக்கு ஓடுகிறது என்று காக்கி உடுப்பு மாட்டிய ஒருவன் வீடியோ காலில் மணிக்கணக்காக மிரட்டியிருக்கிறான். சிபிஐ முத்திரையோடு வாட்ஸப்பில் கடிதம் வந்திருக்கிறது. பணத்தை ‘சரிபார்ப்பு’க் கணக்குக்கு அனுப்பினால் விசாரணை முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்று நம்ப வைத்திருக்கிறார்கள். அவர் மனதில் அவர் ஒரு குற்றவாளி. எப்படியாவது தப்பித்தால் போதும். அவரிடம் போய் ஏமாறாதீர்கள் என்றால், வேறு யாருக்கோ சொல்கிற புத்திமதியாகத்தான் காதில் விழும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கும்பல் முன்கூட்டியே சொல்லி அனுப்பும் பாடங்களில் ஒன்று, ‘பேங்க் ஊழியர்களும் இந்த வழக்கில் உடந்தை, தடுக்கப் பார்ப்பார்கள்’ என்பது. நீங்கள் தடுக்கத் தடுக்க, அவன் சொன்னது நிஜமாகிக்கொண்டே போகும்.

எங்கள் கிளைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். கைப்பைக்குள் ஃபோன், அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜிப்பைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தார். எஃப்டி ரசீது, காசோலை, படிவம் எல்லாம் நிரப்பித் தயார். புதிதாகச் சேர்ந்த பையன் பார்த்ததுமே புரிந்துகொண்டான். கெட்டிக்காரன்தான். ஆனால் வாயைத் திறந்து, “அம்மா, இது ஃபிராடு. உங்களை நல்லா ஏமாத்துறாங்க. டிவியெல்லாம் பாக்குறதில்லையா?” என்றான்.

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட அம்மா. முகம் இறுகிவிட்டது. “என் பணம் தம்பி. குடுக்க முடியுமா, முடியாதா?” காசோலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய பென்ஷன் கணக்கு வேறு வங்கியில். சாயந்திரத்துக்குள் அங்கிருந்து பணம் போய்விட்டது. மறுநாள் மகன் வந்து நின்றபோது, “நான் அப்பவே சொன்னேன் சார்” என்றான் நம் பையன். சொன்னான், மறுக்கவில்லை. சொன்ன மூன்று வாக்கியமும் கைப்பையில் இருந்தவன் காதிலும் விழுந்தன. உஷாராகி அடுத்த வங்கிக்கு வழி காட்டிவிட்டான்.

இப்படி ஒருவர் வந்தால் முதலில் பேச்சையே நிறுத்துங்கள். எங்கள் கேஷியர் அம்மா செய்வதைச் சொல்கிறேன். படிவத்தில் ஏதோ திருத்தம் இருப்பது போல ஒரு செலானை எடுத்துத் திருப்பிப் போட்டு எழுதுவார்: ‘ஃபோனில் யாராவது மிரட்டுகிறார்களா? பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கள்.’ செலானைத் தள்ளி, பக்கத்தில் பேனாவையும் வைப்பார். ஒரு பெரியவர் தலையை ஆட்டவில்லை. பேனாவை எடுத்து ‘சிபிஐ’ என்று எழுதினார். அப்புறம் ஃபோனை கவுண்டரிலேயே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்கு வந்தார்.

அறைக்குள் பேச வேண்டியது பயத்தைப் பற்றி. பணத்தைப் பற்றி எடுக்காதீர்கள். “ஃபோன்ல யாரும் உங்களைக் கைது பண்ண முடியாது சார். நிஜமாவே பண்ணினா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அரசியல் சாசனம் 22-வது பிரிவுலயே இருக்கு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: “இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களா?” ஆமாம் என்று அவரே சொல்லும்போதுதான் பிடி தளரும். ‘ஏமாந்துட்டேன்’ என்ற வார்த்தை வருவதானால் அவர் வாயிலிருந்தே வரட்டும்.

காரணம் கேட்டுவிட்டுத் தலையாட்டுவது

“எதுக்கு சார் பணம்?” என்றால் பதில் தயாராக இருக்கும். மனை வாங்குகிறேன், பேத்தி கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு. எல்லாம் சொல்லிக் கொடுத்த பதில்கள். மனை என்றால் எந்த ஊர், எந்தப் பத்திர ஆபீஸ், விற்பவர் யார் என்று ஊர்ப்பேச்சாகவே கேளுங்கள். மனை லால்குடியில் இருக்கும். பணம் போவதோ வேறு மாநிலத்தில், ஏதோ டிரேடர்ஸ் பெயரில் இருக்கும் கரண்ட் அக்கவுன்டுக்கு. எந்த வங்கிக் கிளை என்று காட்டும் ஐஎஃப்எஸ்சி எண்ணைப் போட்டால் கிளையின் ஊர் வந்துவிடும். திரையை அவர் பக்கம் திருப்பி, “இந்த ஊர்ல யாரைத் தெரியும் சார்?” என்று மட்டும் கேளுங்கள்.

‘போலீஸைக் கூப்பிடட்டுமா?’

அவர் நடுங்குவதே அந்தச் சொல்லுக்குத்தான். முதல் பேச்சில் வேண்டாம்.

‘சர்வர் டவுன்’

சிலர் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் பாஸ்புக் பிரின்ட் ஆகும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பொய் தெரிந்துவிட்டால் பிறகு சொல்லும் உண்மையும் நிற்காது. தாமதிக்க நிஜமான காரணங்களே உண்டு: மேலதிகாரி ஒப்புதல், கையெழுத்துச் சரிபார்ப்பு, எஃப்டி கூட்டுப் பெயரில் இருந்தால் இன்னொருவர் கையெழுத்து. மனைவியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாலே ரகசியம் பாதி உடைந்துவிடும். எல்லாம் சரியாக இருந்து, அத்தனையும் கேட்ட பிறகும் அனுப்பியே தீருவேன் என்பவரை நாம் மறுத்து உட்கார வைக்க முடியாது. பணம் அவருடையது.

பிள்ளைகளுக்கு நாமே ஃபோன் போடுவது

அவரைக் கேட்காமல் வேண்டாம். வீட்டில் சொன்னால் அவர்களையும் பிடித்துப் போடுவோம் என்பது மிரட்டலில் ஒரு பகுதி. “யாருக்குப் போட்டுத் தரட்டும்?” என்று கேளுங்கள். நான் பார்த்தவரை மருமகள் பெயரைத்தான் சொல்கிறார்கள். மகன் கோபப்படுவானாம்.

பணம் போன பிறகு உபதேசம்

ஆர்டிஜிஎஸ்ஸில் போன பணம் சாதாரணமாக அரை மணி நேரத்துக்குள் எதிர்க் கணக்கில் விழுந்துவிடும்; அங்கிருந்து பல கணக்குகளுக்குச் சிதறும். அந்த நேரத்திலும் சொற்பொழிவு ஆற்றுபவர்கள் உண்டு. அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாளமான 22 எழுத்து யூடிஆர் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொடுத்து, உங்கள் மேசை ஃபோனிலிருந்தே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்து அவர் கையில் கொடுங்கள். எதிர் வங்கிக்கு மெயிலும் அதே சமயத்தில் போகட்டும். லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், நீங்களே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொடுங்கள். ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் வரும். அதனால் அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த அழைப்பை முதலில் துண்டியுங்கள்.