மூடிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரியைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பழைய தொழிற்சாலை இடிபாடுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நீலகிரியில் தேயிலை ஃபேக்டரியிலிருந்து தொடங்குவது நல்லது. பச்சை இலை விலை விழுந்தபோதெல்லாம் சில ஃபேக்டரிகள் பூட்டப்பட்டிருக்கின்றன. குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் அப்படிப்பட்ட கட்டடங்களைப் பார்க்கலாம். உள்ளமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் ஒன்றைப் புரிந்துகொண்டால் அடுத்ததும் புரியும். ரசாயன ஆபத்தும் மற்ற ஆலைகளைவிடக் குறைவு.

போகவே கூடாத இடங்கள்

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை வளாகம் வேண்டாம். அங்கே பிரச்சினை பாதரசம். அதன் ஆவிக்கு நிறமோ மணமோ கிடையாது. கடையில் வாங்கும் என்95 மாஸ்க் அதைத் தடுக்காது. மாசடைந்த மண் செருப்பில் ஒட்டி வீட்டுக்கும் வந்துசேரும்.

தேவாலா, பந்தலூர் பகுதியின் பழைய தங்கச் சுரங்கங்களும் வேண்டாம். 1880ஐ ஒட்டி லண்டனில் கம்பெனிகள் தொடங்கி, பங்கு விற்று, தோண்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்ட குழிகள் இவை. வாயை உண்ணிச்செடி மூடியிருக்கும். உள்ளே ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கியிருக்கலாம். மயக்கம் வருவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் இல்லாமலே போகலாம். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

ஊட்டி இந்து நகரில் 1967இல் உற்பத்தி தொடங்கிய ஃபிலிம் தொழிற்சாலையைப் பலரும் கேட்பார்கள். ஃபிலிம் பூசும் வேலை இருட்டில்தான் நடக்கும் என்பதால் அந்த மாதிரிக் கூடங்களில் பகலிலும் வெளிச்சம் இருக்காது. புதியவர்களுக்கு அது சரிப்படாது. அருவங்காடு வெடிமருந்து ஆலை இன்றும் இயங்குகிறது, பாதுகாப்புத் துறையுடையது. அதன் சுற்றுச்சுவர் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம். வெலிங்டனில் ராணுவ முகாம் வேறு இருக்கிறது. அதனால் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பழனி மலையில் இருப்பவர்கள் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் கைவிட்ட பல்பர் கொட்டகை (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் இருந்த இடம்) இருக்கிறதா என்று விசாரிக்கலாம். சின்னக் கட்டடம், ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: காப்பிக் கொட்டையை ஊறவைத்த சிமென்ட் தொட்டிகளில் மழைநீர் தேங்கி, மேலே பாசி படர்ந்து பச்சைத் தரை மாதிரியே தெரியும். கம்பால் தட்டிப் பார்க்காமல் கொட்டகைக்குள் ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

அனுமதி

பாதி வேலை இதுதான். முதலில் யார் சொத்து என்று கண்டுபிடிக்க வேண்டும். எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஃபேக்டரி என்றால் எஸ்டேட் மேனேஜர். கூட்டுறவு ஃபேக்டரி என்றால் அந்தச் சங்க அலுவலகமோ குன்னூரில் இருக்கும், கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகளின் இணையமான இன்கோசர்வோ. அரசுத் தேயிலைத் தோட்டம் என்றால் அதை நடத்தும் அரசுக் கழகமான டான்டீ. சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி அரைத்த தனியார் ஃபேக்டரி என்றால் உரிமையாளரைத் தேட வேண்டும். பக்கத்து டீக்கடையில் விசாரித்தாலே பாதி விவரம் கிடைக்கும். மீதிக்கு சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா பார்க்கலாம், அல்லது கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாம்.

கேட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடனுக்காக வங்கி கையகப்படுத்திய கட்டடம் என்றால் பழைய முதலாளி 'போய்ப் பாருங்க' என்று சொன்னாலும் அது செல்லாது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட வங்கி அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும். கிடைப்பது கஷ்டம். வேறு கட்டடம் பாருங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: பெயர்கள், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, படம் மட்டும் எடுப்போம், எதையும் தொடமாட்டோம், விபத்து நடந்தால் எங்கள் பொறுப்பு. கையெழுத்திட்ட பிரதி ஒன்று பையில் இருக்கட்டும். வாட்ச்மேனிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். 'அண்ணா, ஓனர் சொல்லியிருக்கார், நாளைக்குக் காலைல வர்றோம்' என்ற ஒரு வார்த்தைக்கு அந்தக் கடிதத்தைவிட மதிப்பு அதிகம். எந்தப் பலகை உளுத்திருக்கிறது, எந்த மூலையில் பாம்பு வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அனுமதியில்லாமல் சுவரேறிக் குதிப்பதைச் சாகசம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அத்துமீறிக் கட்டடத்துக்குள் நுழைந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இரும்பு திருட வருகிறவர்கள் அதிகம் என்பதால் ஊர்க்காரர்கள் உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எப்போது போவது

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், நடுவட்டம் பக்கம் மழை பிடித்து அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, பழனி மலை பக்கத்து முறை. மழையில் ஊறிய மரத்தளத்தை நம்ப முடியாது. காலை 9 மணிக்கு முன் உள்ளே போக வேண்டாம், மாலை 4 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதற்குமேல் மூடுபனி இறங்கும், காட்டுமாடும் கரடியும் நடமாடும். வெளியூர்க்காரர்கள் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து அது தேவை.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

கணுக்காலை மூடும் கெட்டி அடியுள்ள பூட்ஸ். ஆணி குத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் காயம், எனவே டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்குப் போடும் ஹெல்மெட், தோல் கையுறை, என்95 மாஸ்க் ஆளுக்கு இரண்டு. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, கையில் ஒன்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். மூங்கில் கம்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், முதலுதவிப் பை. அட்டைக்கு உப்பு அல்லது புகையிலைப் பொடி. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உண்டு. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.

மூன்று பேர் என்பது சரியான எண்ணிக்கை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், இன்னொருவர் சிக்னல் கிடைக்கும் இடம்வரை போகலாம். வீட்டில் ஒருவரிடம் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நுழைவதற்கு முன் ஒரு சுற்று

கட்டடத்தை வெளியிலிருந்து முழுதாக ஒருமுறை சுற்றி வாருங்கள். புகைபோக்கி, கூரை விளிம்பு, உயரமான ஜன்னல் மேல்பகுதி ஆகியவற்றில் மலைத்தேன் கூடு தொங்குகிறதா? தொங்கினால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். வாசனைத் திரவியம், புகை, சத்தம் எதுவும் அவற்றைக் கிளப்பிவிடும். கிளம்பினால் நூறு மீட்டருக்கு மேலும் துரத்தும். வாசல் மண்ணில் நீளமான நகத் தடமும், பழக் கொட்டைகள் நிறைந்த எச்சமும் இருந்தால் கரடி தங்கும் இடம் என்று அர்த்தம். அந்த அறையை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டோம், கட்டடத்தையே விட்டுவிடுங்கள்.

கூரை சிமென்ட் ஷீட்டா, தகரமா என்று பாருங்கள். பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உடைந்த துண்டுகளை மிதித்து நொறுக்கக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். கூரைமேல் ஏறுவது எந்த நிலையிலும் கிடையாது.

உள்ளே: இலை போன வழியே போங்கள்

இயங்கும் ஃபேக்டரி ஒன்றை முன்பே பார்த்துவிட்டு வந்தால் இந்தப் பகுதி நன்றாகப் புரியும். தொட்டபெட்டா சாலையில் அருங்காட்சியகத்தோடு சேர்ந்த தேயிலை ஃபேக்டரி இருக்கிறது, அது போதும்.

பழைய ஃபேக்டரியில் இலை முதலில் மேல்மாடிக்குப் போகும். வரிசையாக நெருக்கமான ஜன்னல்கள் உள்ள தளம்தான் இலை வாட்டும் மாடி. பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சணல் துணி விரித்த தட்டுகளில் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வாட்டுவார்கள். கீழே டிரையரின் சூடான காற்றைப் பெரிய விசிறிகள் மேலே இழுக்கும். சுவரில் ஆள் உயர வட்ட ஓட்டை தெரிந்தால் விசிறி இருந்த இடம் அதுதான். வாடிய இலை தரையில் இருக்கும் துளை வழியாகக் கீழே ரோலருக்கு விழும். அந்தத் துளைதான் மாடியின் முதல் ஆபத்து. மேலே சாக்கோ தகரமோ போட்டு மூடியிருப்பார்கள், மிதித்தால் நேராகக் கீழ்த்தளம்.

இரண்டாவது ஆபத்து மரத்தளம். புதியவர்கள் பலகையைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது உத்திரம், அதிலும் சுவருக்குள் நுழையும் முனை. சுவர் ஈரத்தை உறிஞ்சி அந்த முனை முதலில் உளுக்கும். நடுப்பகுதி திடமாகவே தெரியும். கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு கை எட்டும் முனையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கினால் மாடி ஏற வேண்டாம். கை எட்டவில்லை என்றாலும் ஏற வேண்டாம். முதல்முறை போகிறவர்கள் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் கட்சி.

கீழ்த்தளத்தில் ரோலர் அறை. வட்ட மேஜை மாதிரி இரும்பும் பித்தளையும் சேர்ந்த இயந்திரம் இருந்தால் அது பழைய முறை. பல்வெட்டு உருளைகள் ஜோடி ஜோடியாக இருந்தால் சிடிசி, அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை. அது 1930களில் அசாமில் வந்தது, நீலகிரியில் இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகளில் இன்று பெரும்பாலும் அதுதான். பெயர்ப்பலகையைத் துடைக்காமல் சாய்வாக டார்ச் அடித்துப் படியுங்கள். பழைய இயந்திரங்களில் பெல்ஃபாஸ்டின் டேவிட்சன், கெயின்ஸ்பரோவின் மார்ஷல் என்ற பெயர்கள் வரும். இயந்திரத்தைக் கழற்றி விற்றிருந்தால் தரையில் அஸ்திவார போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், பெல்ட் ஓடிய பள்ளம் திறந்து கிடக்கும். பார்வை மேலே, கால் கீழே என்று நடப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். படம் எடுக்கும்போது நில்லுங்கள், நடக்கும்போது கேமராவைத் தொங்கவிடுங்கள்.

அடுத்து இலை புளிக்கவைத்த வழவழப்பான தரை. ஈரம் பட்டால் வழுக்கும், ஓரமாகப் போங்கள். அதையும் தாண்டினால் டிரையரும் விறகு அடுப்பும். அடுப்பு வாய்க்குள் தலையை விடாதீர்கள். பாம்புக்கும் எலிக்கும் பிடித்த இடம், மேலே தளர்ந்த செங்கல். வௌவால் எச்சம் குவிந்த அறையில் மாஸ்க்கைக் கழற்றவே கூடாது. மின்சாரம் துண்டித்துவிட்டார்கள் என்று யார் சொன்னாலும் ஒயரைத் தொடாதீர்கள்.

படம்

ட்ரைபாடு, ஐஎஸ்ஓ 200, எஃப் 8, நேரத்தைக் கேமரா முடிவு செய்யட்டும். ஜன்னல் வெளுத்துப்போகும், எனவே வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்துச் சேருங்கள். போன் என்றால் சுவரில் சாய்த்து நைட் மோடு. வெளியிடும்போது வழியையும் சரியான இடத்தையும் போடாதீர்கள். அதைப் பார்த்து முதலில் வருகிறவர் பழைய இரும்பு வியாபாரியாக இருப்பார். உரிமையாளருக்கு நாலு படம் அனுப்புங்கள், அடுத்த முறை கேட்க முகம் இருக்கும்.

திரும்பிய பிறகு

வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். துணியைத் தனிப்பையில் கட்டிவைத்து, வீடு வந்ததும் வெந்நீரில் துவையுங்கள். குளிக்கும்போது அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் பாருங்கள். புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வருவது தமிழ்நாட்டில் சாதாரணம். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரிக் கறுப்புப் பொருக்கு இருந்தால் அதை டாக்டரிடம் காட்டி, புதர் மண்டிய இடத்துக்குப் போய் வந்ததையும் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளினுக்குக் கட்டுப்படும் நோய்தான், ஆனால் சொல்லாவிட்டால் வைரல் காய்ச்சல் என்று நாலு நாள் பாராசிட்டமாலில் போய்விடும்.