பைதானில் நினைவகச் சிக்கலைத் தேடிப் பிடிப்பது

காரைக்குடியில் இருந்துகொண்டு ஆத்தங்குடிக் கல் பட்டறைகளுக்கு மென்பொருள் செய்து தருகிறேன். முகப்பு, வளவு அளவைச் சொன்னால் எந்த டிசைனில் எத்தனை கல், ஓரத்துக்கு எத்தனை பார்டர் கல் என்று படத்தோடு காட்டும் நிரல். மேலே பைதான், படத்தைக் கணக்கிடும் பகுதி மட்டும் வேகத்துக்காக சி மொழியில். இரண்டு மொழியும் ஒட்டுகிற இந்த இடத்தில்தான் நினைவக வழுக்கள் குடியிருக்கும். வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரும் வழி இது.

முதலில் நோய் எது என்று பிரியுங்கள். நிரல் பட்டென்று செத்து விழுகிறதா, இல்லை நினைவகம் ஏறிக்கொண்டே போகிறதா?

செத்து விழுந்தால், பைதானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற கருவியை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். விழும் நேரத்தில் எந்தப் பைதான் வரியில் நின்றது என்று காட்டும். ஆனால் அந்த வரியிலேயே உட்கார்ந்து தோண்டாதீர்கள். நினைவகத்தைக் கெடுத்தவன் எப்போதோ போயிருப்பான். கெட்ட இடத்தைப் பிறகு தொட்டவன்தான் மாட்டுவான். வேண்டாத பொருள்களைத் தேடி அழிக்கும் குப்பை சேகரிப்பான் மேல் இப்படி எத்தனையோ பழி விழுந்திருக்கிறது.

அடுத்தது சூழல் மாறி, அதாவது நிரலை ஓட்டுமுன் வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு. பைதான், மாலக் (சி மொழியில் நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு) இரண்டையும் இடைவெளி இல்லாமல் பெரிய எழுத்தில் எழுதி, அதற்கு டீபக் என்று மதிப்புக் கொடுங்கள். 3.6 பதிப்பிலிருந்து இது உண்டு. பைதானை மறுபடி தொகுக்கத் தேவையில்லை. இதன்பின், ஒதுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் எஃப்டி (பதினாறடிமான எண்) என்ற பைட்டுகளை வேலிபோல வைக்கும். புதிதாக ஒதுக்கியதில் சிடி, விடுவித்ததில் டிடி என்று நிரப்பும். டீபக்கரில் (நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) ஒரு சுட்டியின், அதாவது நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியின், மதிப்பு முழுக்க டிடி டிடி என்று தெரிந்தால், விடுவித்த பொருளை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த எழுத்துகள் 3.8இலிருந்து இப்படி, பழைய கட்டுரைகளில் வேறு எழுத்துகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

எங்களுக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். சி பகுதியை முன்பு எழுதியவர் படத்துக்கு அகலம், உயரம், ஒரு புள்ளிக்கான 3 பைட் மூன்றையும் பெருக்கி இடம் ஒதுக்கியிருந்தார். ஆனால் பிஎம்பி கோப்பில் ஒவ்வொரு வரிசையும் 4இன் மடங்காக நிரப்பப்படும். அகலம் 4ஆல் வகுபடும் வரை எந்தத் தொல்லையும் இல்லை. 150க்கு 150 அளவில் ஒரு டிசைன் வந்தது. வரிசைக்கு 450 பைட் போதும் என்பது கணக்கு, எழுதியதோ 452. மொத்தத்தில் 300 பைட் வெளியே வழிந்தது. டீபக் வைத்து ஓட்டியதும் வால் பக்கத்து வேலி கலைந்திருக்கிறது என்று முகவரியோடு சொன்னது. எந்த வரி எவ்வளவு நினைவகம் ஒதுக்கியது என்று குறித்துவைக்கும் ட்ரேஸ்மாலக்கும் ஓடினால், அந்தத் துண்டை ஒதுக்கிய பைதான் வரியும் சேர்ந்து வரும். இரண்டையும் ஒன்றாகவே இயக்குங்கள்.

ஒரு குறை: வேலியைச் சோதிப்பது துண்டை விடுவிக்கும்போதோ அளவை மாற்றும்போதோதான். எழுதிய கணத்திலேயே பிடிக்க வால்கிரைண்ட் அல்லது அட்ரஸ் சானிடைசர் வேண்டும். அப்போது அதே சூழல் மாறிக்கு மாலக் என்று மதிப்புக் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 512 பைட் வரையிலான பொருள்களைப் பைதான் தன் சொந்தக் கிடங்கிலிருந்தே வெட்டிக் கொடுக்கும். எங்கே ஒரு துண்டு முடிகிறது என்பது இந்தக் கருவிகளுக்குத் தெரியாது.

சரி, நினைவகம் ஏறிக்கொண்டே போகும் நோய். ட்ரேஸ்மாலக்கில் இரண்டு பதிவு எடுத்து ஒப்பிடுங்கள். முதல் பதிவை, நிரல் கொஞ்ச நேரம் ஓடி அதன் தற்காலிகச் சேமிப்புகள் நிரம்பியபின் எடுங்கள். ஒரு சட்டகம்தான் (அழைப்புச் சங்கிலியில் ஒரு படி) இயல்பாகப் பதிவாகும். 25 என்று கூட்டிக்கொண்டால் யார் கூப்பிட்டு ஒதுக்கினார்கள் என்பது புரியும்.

ட்ரேஸ்மாலக் கணக்கு ஏறவில்லை, ஆனால் இயங்குதளம் காட்டும் அளவு மட்டும் பெரிதாகவே இருக்கிறது என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, சி பகுதி பைதானைக் கேட்காமல் நேராக மாலக் கூப்பிடுகிறது. ட்ரேஸ்மாலக் அதைப் பார்ப்பதில்லை. மற்றது, சிதறல். பைதான் சிறு பொருள்களுக்காக 64 பிட் கணினியில் 1 எம்பி அளவுள்ள, அரீனா என்ற பெரிய துண்டுகளாக இடம் வாங்குகிறது (3.10க்கு முன் 256 கேபி). எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் ஒரு பங்காளியின் சாமான் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தாலும் வீட்டை விற்க முடியாதில்லையா, அதே கதைதான்: ஒரே ஒரு பொருள் உயிரோடு இருந்தாலும் அந்த அரீனா முழுவதும் இயங்குதளத்துக்குத் திரும்பாது. இது கசிவு இல்லை. சுமை ஏறி இறங்கியபின் அளவு ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள்.

உண்மையான கசிவு பெரும்பாலும் குறிப்பு எண்ணிக்கையில்தான், அதாவது ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைதான் வைக்கும் கணக்கில். சி பகுதியிலிருந்து பட்டியலில் பொருளைச் சேர்க்கும் பைலிஸ்ட் அப்பெண்ட் தனக்கென்று ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் கையில் இருப்பதை நீங்கள்தான் டெக்ரெஃப் (எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது) போட்டு விட வேண்டும். பைலிஸ்ட் செட்ஐட்டம் அப்படியில்லை, உங்களுடையதையே எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் மாற்றிப் போடாத ஆளை நான் பார்த்ததில்லை.

இதைச் சோதிக்க ஒரே செயற்கூற்றைச் சுழற்சியில் ஆயிரக்கணக்கில் ஓட்டி, நினைவகம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆனால் -5 முதல் 256 வரையிலான எண்களைப் பைதான் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். அவற்றைக் கொடுத்து ஓட்டினால் டெக்ரெஃப் விட்டுப்போனது வெளியே தெரியாது. சோதனைக்குப் பெரிய எண்களையே கொடுங்கள்.