சிறுநகரத்தில் அரசுப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி?

தமிழ்நாட்டில் வட்டத் தலைநகர் அளவிலான ஊரில் பெரும்பாலும் இரண்டு மூன்று தொடக்கப்பள்ளிகளும், ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியும், அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றிரண்டும் இருக்கும். உதவிபெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே ஊரில் பலர் சொல்வதால், முதலில் பள்ளி எந்த வகை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அது கிடையாது. ஆகவே ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே, அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு எந்தெந்தப் பாடப்பிரிவுகள் உள்ளன என்றும் கேட்டுவிடுங்கள். உயிரியல் பிரிவு இல்லையென்று கடைசி இரண்டு ஆண்டுக்கு வேறு வகைப் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை கைநழுவிப்போகும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கை. என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட இதுவே முக்கியம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கநிலையில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. ஆனால் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே என்பதால், ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ள நேரிடும். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றுவிட்டால் அன்றைக்கு என்ன ஏற்பாடு என்று தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். மேல்நிலைப்பள்ளியாக இருந்தால், இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியாக இருந்தால் எத்தனை மாதமாக, அதுவரை பாடம் நடத்துவது யார் என்று விசாரியுங்கள்.

பள்ளி வாசலில் கட்டியிருக்கும் தேர்ச்சி விழுக்காட்டுப் பதாகையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான், நலிந்த பிள்ளைகளைப் பள்ளி கைதூக்கிவிடுகிறதா, இடையிலேயே விட்டுவிடுகிறதா என்பது விளங்கும்.

இயன்றால் வேலைநாள் ஒன்றில் அனுமதி பெற்று நேரில் செல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினால், தவறான எழுத்தைச் சுழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, பிள்ளை அதை மறுபடி எழுதியிருக்கிறதா, அல்லது பக்கம் முழுவதற்கும் ஒரே சிவப்புக் கோடுதானா என்பது தெரிந்துவிடும். இடைவேளை நேரத்தில் கழிவறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும், பெண் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்களா என்பதையும் பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர் என்பதால், உறுப்பினரான ஒரு தாயைச் சந்தித்துப் பேசுவது மிகவும் பயனுள்ளது. சென்ற ஆண்டு என்னென்ன தீர்மானங்கள் போட்டார்கள், அவற்றில் எவை நிறைவேறின என்று கேளுங்கள். கூட்டம் எப்போது நடந்தது என்றே அவருக்குத் தெரியாவிட்டால், அதையும் ஒப்பீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.