கீச் கீச், ஒரு 'டங்': ஃபோர் வீல் டிரைவில் கிராஸ் பேரிங் மாற்றியது

வண்டி மெதுவாக உருளும்போது கீச் கீச். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால் அடியில் 'டங்'. எல்லோரும் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) மேல்தான் பழி போடுவார்கள். ஆனால் அது தேய்ந்தால் ஊளையிடும்; ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு தொனி, விட்டால் வேறு தொனி. வீல் பேரிங் என்றால் வளைவில் இரைச்சல் கூடிக் குறையும். இந்தக் கீச்சோ சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் நாலு முறை கேட்டது. அந்த வேகத்தில் சுற்றுவது புரப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் பக்கத்துச் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஷாஃப்டை இரு பக்கமும் முறுக்கினேன். பின் கிராஸில் (ஷாஃப்ட் முனையில் கூட்டல் குறி வடிவ மூட்டு) ஆட்டம். கிராஸின் முனையை மூடும் பேரிங் கப்பின் விளிம்பில் செங்கல் பொடி மாதிரி துருத்தூள். கிரீஸ் வற்றி கப்புக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் அரைபட்டிருந்தன.

கழற்றுமுன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) ஸ்லிப் ஜாயின்டிலும் (ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைய விடும் இணைப்பு) பெயின்ட் கோடு போடுங்கள். ஸ்லிப் மாறி ஏறினால் இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) நேர் தப்பி, கீச்சு போய் அதிர்வு வந்துவிடும். கப்புகளைப் பிடித்திருக்கும் நான்கு சர்க்ளிப் வளையங்களையும் எடுத்து, வைஸில் ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் கப் நுழையும் அளவு பெரிய சாக்கெட் வைத்து அழுத்தினேன். சுத்தியலால் அடித்தால் யோக் காது வளையும்.

புதியதில் ஒரே ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் கிடந்தாலும் சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. எனக்கு மூன்றாவது கப்பில் அதுதான் நடந்தது. கழற்றி, கெட்டி கிரீஸில் ஊசிகளை ஒட்டவைத்துத் திரும்ப ஏற்றினேன். பிறகு நான்கு கப்பிலும் கசியும்வரை கிரீஸ்.

கீச்சு நின்றது. 'டங்' பாதிதான் குறைந்தது; மிச்சம் ஸ்லிப் ஜாயின்டின் ஸ்ப்லைன் (சறுக்கும் பல்வரிசை) தேய்மானம், அதற்கு ஷாஃப்டையே மாற்ற வேண்டும்.