உப்புக்காற்றில் ஒரு கான்டெசா: அசல் பாகங்களைக் காப்பதும் பழைய உடைமையாளர்களைத் தேடுவதும்

பெரிய இன்ஜினும் முரட்டு உருவமும் கொண்ட, அமெரிக்கர்கள் மஸில் கார் என்று சொல்லும் வண்டிக்கு உருவத்தால் நம் நாட்டில் மிக நெருங்கி வந்தது ஹிந்துஸ்தான் கான்டெசா. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்இ காரின் உடலமைப்பை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1984 முதல் 2002 வரை செய்தார்கள். முதலில் வந்த வண்டிகளில் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின். பின்னால் 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. அதன் பிறகு இசுசு டீசலும் சேர்ந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, கிடைத்த டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துக்கொண்ட வண்டிகளும் நிறைய. அதனால் இன்று கையில் கிடைக்கும் கான்டெசாவில் எது தொழிற்சாலையில் பூட்டியது, எது பட்டறையில் மாட்டியது என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை.

ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எங்கே வண்டி நின்றாலும், அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய, ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறது. இந்தக் காற்று அப்படிப்பட்டது. அது முதலில் அழிப்பது மெல்லிய தகடுகளையும், இரும்பில் வெட்டிய எண்களையும், ஆர்.சி. புத்தகத்தின் மையையும். அதாவது, வண்டி எது என்று நிரூபிக்கும் சான்றுகளைத்தான். ஆகவே எண்களை முதலில் பதிவு செய்யுங்கள், அடுத்து காகிதங்கள், அதற்குப் பிறகு துரு.

எண்கள்

சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இருக்கும் இடத்தில் கம்பி பிரஷ், கிரைண்டர், அமிலம் மூன்றும் படவே கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷை மினரல் டர்பன்டைனில் நனைத்து அழுக்கைக் கரையுங்கள். துணியால் ஒற்றி எடுங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுத்தால் மங்கிய வெட்டும் நிழலாகத் தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்து பென்சில் பிரிண்ட். ஆர்.டி.ஓ. விண்ணப்பத்தில் ஒட்டுகிற அதே பிரிண்ட்தான். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தேய்ப்பது வழக்கம். குழி விழுந்த இரும்பில் அது தெளிவாக வராது. எண்ணின் மேலேயே பென்சிலைத் தேய்த்து, அகலமான செலோடேப்பை அழுத்தி ஒட்டி, உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். மூன்று பிரதி எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். பிறகு எண்ணின் மேல் நிறமற்ற மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவி விடுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள்.

பிரிண்டை உற்றுப் பாருங்கள். எழுத்துகளின் அளவும் இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கிறதா, சுற்றிலும் கிரைண்டர் கோடு இருக்கிறதா, வெல்டிங் ஓரம் எண்ணுக்கு அருகில் வருகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால், விலை பேசுவதற்கு முன் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் திருட்டுப் பதிவு உண்டா என்று பார்த்துவிடுங்கள். எண் சிதைந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் வரலாற்றைப் பிறகு யாராலும் கட்டி எழுப்ப முடியாது.

இந்த இரண்டு எண்களோடு நிற்க வேண்டாம். கண்ணாடிகளின் மூலை முத்திரை, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ரேடியேட்டர், சீட் பெல்ட் ஆகியவற்றில் உள்ள எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு கண்ணாடிகளில் ஐந்தில் ஒரே முத்திரையும் ஒன்றில் வேறு முத்திரையும் இருந்தால், அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். அங்கே கதவின் உள்புறத்தைக் கூடுதலாகச் சோதியுங்கள்.

அசல் நிறத்தைத் தேட வேண்டிய இடங்கள் டாஷ்போர்டின் அடிப்பகுதி, டிக்கி மூடியின் உள்பக்கம், கதவு ரப்பருக்குக் கீழே. மேல் பெயின்டின் கனத்தை மைக்ரான் மீட்டரால் அளக்கலாம். 100 முதல் 150 மைக்ரான் என்றால் பெரும்பாலும் தொழிற்சாலைப் பூச்சு. 300-ஐத் தாண்டினால் மறுபூச்சு. 500-க்கு மேல் போனால் அடியில் பட்டி இருக்கிறது. காந்தம் அங்கே சரியாகப் பிடிக்காது.

உப்பு என்ன செய்கிறது

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாக நீராகக் கரையும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இந்தக் கரையில் காற்று அவ்வளவு வறள்வது அபூர்வம். ஆகவே தகட்டில் படிந்த உப்புப்படலம் பகலிலும் முழுக்கக் காய்வதில்லை. வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடினால் அந்த ஈரம் உள்ளேயே நின்று வேலை செய்யும். காற்று புகும் கனத்த பருத்திக் கவர் போடுங்கள். தரை சிமென்டாக இருக்கட்டும்; கடற்கரை மணல் மேல் நிறுத்தினால் கீழிருந்து உப்பு ஏறும்.

எந்தக் காலத்தில் அதிகம் கழுவ வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற மன்னார் வளைகுடா ஊர்களில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்கள் கடுமை. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாவைக் கலக்குவது வாடைக் காற்று. பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இரண்டுமே உண்டு. கடுமையான மாதங்களில் வாரம் ஒரு முறை, மற்ற மாதங்களில் இரு வாரத்துக்கு ஒரு முறை அடிப்பாகத்தையும் வீல் ஆர்ச்சையும் கழுவுங்கள்.

எந்தத் தண்ணீரால் என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். போர்வெல் நீர் உவராக இருந்தால் அது உப்பைக் கழுவாது, இன்னும் சேர்க்கும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 500-க்குக் கீழே காட்டும் நீர் வேண்டும்: பிடித்து வைத்த மழைநீர், நல்ல ஊரணித் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர். கதவு, கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பெட்டித் தகடு ஆகியவற்றின் அடியில் நீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றை நைலான் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். இரும்புக் கம்பி உள்ளே இருக்கும் பூச்சைக் கீறிவிடும்.

துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி உடனே பிரைமர் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். துருவின் குழிக்குள் குளோரைடு மிச்சம் இருப்பதே காரணம். செய்ய வேண்டியது இப்படி: பிரஷால் உதிரும் துருவை எடுத்து, நல்ல நீரால் கழுவி, காயவைத்து, மீண்டும் கழுவுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் இரண்டு நிமிடம் ஒட்டி வைத்து, பிழிந்த நீரில் ஒரு சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலை இரண்டு சொட்டு விடுங்கள். பால் போல வெளுத்தால் உப்பு இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். தெளிவாக நிற்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுக்கும், கையுறை போடுங்கள்.

தெளிந்த பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவரைத் தடவி 15 முதல் 20 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து கழுவுங்கள். சூடான காற்றால் உலர்த்தி, ஜிங்க் பாஸ்பேட் உள்ள எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் கொடுங்கள். காலை வெயில் ஏறிய பின் தொடங்கி அன்றைக்கே பிரைமரை முடிப்பது கட்டாயம். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். சில், கதவு போன்ற உள்கூடுகளில் கேவிட்டி மெழுகு அடியுங்கள்.

பட்டறைகளில் அடிப்பாகத்துக்குப் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சஸ்பென்ஷன் புஷ் ரப்பர் ஊதிப் போகும், மணல் ஒட்டும், பின்னால் எந்தப் பிரைமரும் அங்கே பிடிக்காது.

குரோம் பாகங்களை அலுமினியத் தாளைச் சுருட்டி நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே மேலோட்டத் துரு போகும். குழி ஆழமில்லை என்றால் மறு பிளேட்டிங் செய்யாதீர்கள். பாலிஷ் பட்டறையில் அசல் விளிம்புகள் மழுங்கிவிடும். பாகத்தின் பின்பக்கம் மெழுகு பூசுங்கள். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கழற்றுவதும் எடுத்து வைப்பதும்

இறுகிய போல்ட்டைச் சுத்தியலால் தட்டுவதற்கு முன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சம பங்கு கலந்து ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். அசிட்டோன் தீப்பிடிக்கும்; ஊற்றிய இடத்தில் உடனே கேஸ் டார்ச் காட்டக் கூடாது.

இந்த வண்டியில் அடிக்கடி நடக்கும் சேதம் மரை போவது. 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் வழி வந்தது, அங்குல அளவிலான யு.என்.எஃப். மரை. இசுசு இன்ஜின் மெட்ரிக். இரண்டரை நூல் (5/16 அங்குல) போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் வாங்கிய 8 மில்லிமீட்டர் போல்ட் அந்தத் துளையில் இரண்டு மரை ஏறும், பிறகு இழுக்கும், ஸ்பேனர் போட்டால் துளையின் மரையே போய்விடும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் பாகத்தோடு ஜிப் பையில் போட்டு, பையின் மேலும் உள்ளே ஒரு துண்டுச் சீட்டிலும் இடத்தை எழுதுங்கள். மார்க்கர் மை எண்ணெய் பட்டால் அழியும், பென்சில் அழியாது.

மாற்றிய அசல் பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், உடைந்திருந்தாலும் சரி. அளவு எடுக்க, எண்ணைக் காட்ட அது வேண்டும். எண்ணெய் தடவிய பிரவுன் தாளில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சும், கரையானும் வரும்.

ரப்பரைப் பொறுத்தவரை அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது; பழைய எரிபொருள் ஹோஸ் அதில் இளகிக் கசியும். எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போட்டு, அசல் கிளாம்புகளை மட்டும் திரும்ப மாட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதென்றால் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து அடியில் நீராகப் பிரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிரேக் ஆயிலை இந்தக் கரையில் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் வீல் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும்.

உடைமையாளர்களின் வரிசை

பழைய ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தால் அதை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை பரவும், முத்திரை மங்கும், பின்னால் அதைப் பிரிக்க முடியாது. எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பாலிப்ராப்பிலீன் உறையில் வையுங்கள். பிவிசி உறை மையை உரித்து எடுக்கும்.

அதில் முதலில் பாருங்கள்: தயாரித்த மாதமும் ஆண்டும், பதிவுத் தேதி, நிறம், இன்ஜின் எண், பெயர் மாற்றங்களின் தேதி, ஃபைனான்ஸ் குறிப்பு. ஃபைனான்ஸ் குறிப்பு ரத்தாகாமல் இருந்தால், கடன் எப்போதோ அடைந்திருந்தாலும், படிவம் 35-ம் நிறுவனத்தின் கடிதமும் இல்லாமல் வண்டி உங்கள் பெயருக்கு வராது. இன்ஜின் எண் மாறியிருந்தால் அந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும்.

பதிவெண் ஒரு பாதையைக் காட்டும். டிஎன் 65 ராமநாதபுரம். 1989 ஜூலைக்கு முந்திய வண்டி என்றால் மூன்றெழுத்துப் பழைய வரிசை எண். இங்கே கவனிக்க வேண்டியது, 1985 மார்ச்சில் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன் காரைக்குடி, தேவகோட்டை, விருதுநகர் எல்லாம் 'ராமநாதபுரம் மாவட்டம்' என்ற முகவரியில்தான் இருந்தன. 1984-ல் பதிவான ஆர்.சி.யில் அப்படி எழுதியிருந்தால் முதல் உடைமையாளர் கடலோரத்துக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். செட்டிநாட்டு வீட்டு வண்டியாகவும் இருக்கலாம். சிவகங்கை, விருதுநகர் அலுவலகங்களிலும் விசாரியுங்கள்.

பழைய பதிவேடுகள் எல்லாம் கணினியில் ஏறியிருக்காது. மத்திய அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் எண் வரவில்லை என்றால், அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், பிரிண்ட் ஆகியவற்றோடு பதிவு செய்த அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி, அதாவது விடுபட்ட பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தரும்படி கேளுங்கள். வண்டி வெளி மாநிலத்திலிருந்து வந்தது என்றால் படிவம் 28-ல் தந்த தடையின்மைச் சான்றும், இங்கே புது எண் வாங்கிய படிவம் 27-ம் உடைமைச் சங்கிலியின் கண்ணிகள்.

ஆர்.சி. சொல்லாததை மற்ற காகிதம் சொல்லும். 2000-க்கு முன் பொதுக் காப்பீடு நான்கு அரசு நிறுவனங்களிடம் மட்டுமே இருந்தது: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா. பழைய பாலிசி ஒன்று கிடைத்தால் அந்த ஆண்டின் உடைமையாளர், இன்ஜின் எண், கடன் கொடுத்தவர் மூன்றும் ஒரே தாளில் இருக்கும். சர்வீஸ் புத்தகம், பின் கண்ணாடியில் ஒட்டிய டீலர் ஸ்டிக்கர், வரி ரசீது ஆகியவற்றையும் சேருங்கள். ஸ்டிக்கரை உரிக்காமல் படம் எடுங்கள். கான்டெசாவை அரசுத் துறைகளும் கம்பெனிகளும் நிறைய வைத்திருந்தன. அப்படி ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏல உத்தரவும் படிவம் 32-ம் தேட வேண்டியவை.

கிடைத்ததை எல்லாம் தேதி வரிசையில் ஒரே அட்டவணையாக எழுதுங்கள்: தேதி, பெயர், சான்று, சான்றின் அசல் எங்கே இருக்கிறது. வாய்மொழியாக வந்த தகவலைத் தனி நிறத்தில் எழுதி, சொன்னவர் யார் என்று குறியுங்கள். இரண்டு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய உடைமையாளரின் குடும்பத்தைத் தேடிப் போகும்போது வண்டியின் பழைய படம் கேளுங்கள். கல்யாண ஆல்பத்தில் வண்டியும் நின்றிருக்கும். நிறம், வீல் கப், முன் கிரில் எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இவ்வளவு கவனமும் சட்டப்படியும் பயன் தரும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த பகுதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டி சேசிஸிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் இருந்தால் விண்டேஜ் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. அந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. சென்னையில் 1960-களில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகள் வயதால் இப்போதே தகுதி பெற்றவை. முதல் கான்டெசாக்களுக்கு 2034-ல் ஐம்பது ஆகும். அதுவரை 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை படிவம் 25-ல் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். இடையில் விட்டால் அபராதமும் ஏறும், சங்கிலியிலும் இடைவெளி விழும்.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்தில் மிகுதியாக வரும் சிக்கல் ஒன்று: ஆர்.சி.யில் பெயருள்ளவர் காலமாகியிருப்பார், பிள்ளைகளில் ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். இதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம் தேவை. வெளிநாட்டில் இருப்பவர் தன் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அசலாக அனுப்ப வேண்டும். முதலில் வண்டியை வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். அதன் பிறகு படிவம் 29 இரண்டு பிரதியும் படிவம் 30-ம் போட்டு உங்கள் பெயருக்கு வாங்குங்கள். இறந்தவரின் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது போலி ஆவணம், அதற்குப் பின் வரும் எல்லாப் பெயர் மாற்றமும் செல்லாமல் போகும்.